பூண்டு: தின்னும் மீனுக்கே மருந்து

கெண்டை வளர்க்கும் குட்டை எதுவானாலும் அதன் தண்ணீரில் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா இருக்கத்தான் செய்யும். அடிச்சேற்றிலும் பாசியிலும் இருக்கும்; நோயில்லாத மீனின் குடலிலும் இருக்கும். தெம்பாக இருக்கும் மீனை அது ஒன்றும் செய்வதில்லை. வண்டியில் குலுங்கி வந்த விரலிக் குஞ்சுக்குச் செதில் உதிர்ந்திருக்கும்போதும், கோடையில் தண்ணீர் வற்றி மீன்கள் நெருக்கமாகும்போதும், விடியற்காலையில் உயிர்வாயு குறைந்து மீன் திணறும்போதும் அதே பாக்டீரியா நோயாக மாறுகிறது. ஆகவே இந்தக் கிருமியைக் குட்டையிலிருந்து ஒழித்துவிட முடியாது. மீன் தளர்கிற நாட்களில் அது உடம்புக்குள் புகாமல் பார்த்துக்கொள்ளலாம். பூண்டு கைகொடுப்பது அந்த இடத்தில்தான்.

பூண்டைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறோம். நோய் முற்றிய மீன் முதலில் விடுவது தீவனத்தைத்தான். தின்னாத மீனுக்குத் தீவனத்தில் எந்த மருந்தைக் கலந்தாலும் அது போய்ச் சேராது. மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கிய பிறகு பூண்டைத் தேடி ஓடுவதில் பலனில்லை என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லா அளவுகளும் நாட்கணக்கும் இந்த ஒரு உண்மையை ஒட்டியே அமைந்தவை.

முதலில் மீனைப் பாருங்கள்

வீச்சு வலையில் நாலைந்து மீன்களை எடுத்து, ஈரக் கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். வயிற்றை மேலே திருப்பிப் பார்த்தால் துடுப்புகள் முளைக்கும் இடத்திலும் மலத்துவாரத்தைச் சுற்றிலும் ஊசியால் குத்தியதுபோல் செம்புள்ளிகள் தெரிகின்றனவா? வாலின் ஓரம் நைந்து வெளுத்திருக்கிறதா? செதில்கள் உடலோடு படியாமல் விறைத்து நிற்கின்றனவா? வயிறு உப்பி, மெல்ல அழுத்தினால் துவாரத்தில் இளஞ்சிவப்பு நீர் கசிகிறதா? கண் பிதுங்கியிருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் ஏரோமோனாஸ் மேல் சந்தேகப்படலாம். பிறகு செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் செக்கச்செவேலென்று, இழை இழையாகப் பிரிந்திருக்கும். வெளிறிப்போய் நுனிகள் அரித்து மஞ்சளாகத் தெரிந்தால் ஃப்ளேவோபாக்டீரியம் கொலும்னாரே என்ற வேறொரு பாக்டீரியா வேலை செய்கிறது என்று நினைக்க இடமுண்டு.

பூண்டுக்குச் சம்பந்தமே இல்லாத தொல்லைகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் தீவனத்தில் பூண்டைக் கொட்டினால் நாள்தான் வீணாகும். எல்லா மீன்களும் விடியலில் மேலே வந்து வாயைப் பிளந்து, வெயில் ஏறியதும் கீழே போய்விட்டால் அது உயிர்வாயுப் பற்றாக்குறை. காற்றூட்டியை ஓட்டுங்கள், புதுத் தண்ணீர் விடுங்கள். மீன்கள் கரையிலும் கம்பிலும் உடம்பை உரசிக்கொண்டு துள்ளினால் மீன் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக, பச்சரிசியில் பாதி அளவில், செதிலோடு ஒட்டி நகரும். மார்கழி, தைக் குளிரில் உடம்பில் சதை தெரியும்படி ஆழமான புண்கள் கிளம்பினால் அது இ.யூ.எஸ். என்று மீன்வளத் துறையினர் சொல்லும் புண் நோயாக இருக்கலாம். 1988ல் இந்தியாவுக்குள் நுழைந்து ஊர் ஊராகக் குளங்களைக் காலி செய்த நோய் அது. அதன் மூலகாரணம் அஃபனோமைசெஸ் இன்வடன்ஸ் என்ற பூஞ்சை வகை உயிரி. பாக்டீரியா புண்ணில் பின்னால் வந்து சேர்வதுதான். அதற்குச் சுண்ணாம்பும், இந்திய மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் அந்த நோய்க்கென்றே உருவாக்கிய சிஃபாக்ஸ் கரைசலும்தான் வழி. பூண்டு போதாது.

பூண்டுக்குள் நடப்பது

உரிக்காத பூண்டுப் பல்லை மூக்கருகே வைத்துப் பாருங்கள். வாசனை அதிகம் வராது. நசுக்கியதும் கண்ணைக் கரிக்கும். அந்தக் காரத்துக்கும் நெடிக்கும் காரணமான அல்லிசின், முழுப் பல்லில் இருப்பதில்லை. அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் தனித்தனியாகப் பூட்டிவைத்ததுபோல் பூண்டின் திசுக்களில் இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சேர்கின்றன. சில நொடிகளிலேயே அல்லிசின் உண்டாகிறது. 1944ல் அமெரிக்காவில் செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் அல்லிசினைப் பிரித்தெடுத்து அதன் பாக்டீரியா எதிர்ப்புத் திறனைக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டோலும் எவால்ட் சீபெக்கும் அதற்கு முந்தைய கட்டமான அல்லினை அடையாளம் கண்டார்கள்.

பாக்டீரியாவின் உறையை அல்லிசின் எளிதில் ஊடுருவிவிடும். உள்ளே போனதும், பல நொதிகளின் உயிர்நாடியாக இருக்கும் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த கூட்டோடு பிணைந்து அந்த நொதிகளை முடக்குகிறது. பென்சிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடிக்கும். அந்த ஒரு இடத்தை மாற்றிக்கொண்டு பாக்டீரியா தப்பித்துவிடும். அல்லிசின் ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிப்பதால் அதற்குப் பழகிக்கொள்வது பாக்டீரியாவுக்குக் கடினம். இது பூண்டின் பலம். இதிலேயே பலவீனமும் இருக்கிறது. அல்லிசினுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. தீவனத்தின் புரதத்திலும் அதே கந்தகக் கூட்டு உண்டு. மீனின் செவுளிலும் உண்டு. போகும் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே போவதால், நசுக்கியபோது உண்டான அல்லிசினில் ஒரு பங்குதான் கிருமிக்கு மிஞ்சும்.

தட்டில் கொன்றது குட்டையில் கொல்லுமா?

பூண்டுச் சாறு மீன் கிருமியைக் கொல்கிறது என்பதற்கு ஆய்வகப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். வட்டத் தட்டில் ஜெல்லி போன்ற அகார். அதன்மேல் பாக்டீரியாவைப் பூசி வளர்த்திருப்பார்கள். நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு காகித வில்லை, அதில் பூண்டுச் சாறு. வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான வளையம். வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வீரியம் என்று பார்த்ததும் தோன்றும். முழுக்க அப்படியில்லை. அகாரில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வளையம் போடும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் நன்றாகக் கொன்றாலும் சிறிய வளையமே போடும். சாற்றை எவ்வளவு அடர்த்தியாக எடுத்தார்கள், தட்டில் எவ்வளவு பாக்டீரியாவைப் பூசினார்கள் என்பதைப் பொறுத்தும் வளையம் மாறும். வளையத்தை விட நம்பத்தக்கது, திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பாக்டீரியா வளர்வது நின்றுபோகும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஆய்வகத்திடம் முடிவு கேட்கும்போது அந்த அளவைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அளவு கையில் இருந்தாலும் அதை அப்படியே குட்டைக்குக் கொண்டுவர முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாக்டீரியாவை அடக்க லிட்டருக்கு 30 மில்லிகிராம் அல்லிசின் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25 சென்ட் பண்ணைக்குட்டை, பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், நாலடி ஆழம். அதில் 12 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். தேவைப்படும் அல்லிசின் 36 கிலோ. ஒரு கிராம் பச்சைப் பூண்டை நசுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிகிராம் அல்லிசின் கிடைக்கும். அப்படியானால் இந்தச் சின்னக் குட்டைக்கு 12 டன் பூண்டு வேண்டும். அவ்வளவையும் யாரோ கொண்டுவந்து கொட்டினாலும் பாக்டீரியாவுக்கு முன்னால் மீன்களின் செவுள்தான் வெந்துபோகும். குட்டைத் தண்ணீரில் பூண்டுச் சாற்றை ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று நேராகவே சொல்கிறேன். இரண்டு கிலோ பூண்டை அரைத்து 12 லட்சம் லிட்டரில் ஊற்றினால் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

தீவனத்தில் கலக்கும் வழிக்குக் கணக்கு வேறு. மருந்து குட்டை முழுவதும் பரவ வேண்டியதில்லை, மீனின் குடலுக்குப் போனால் போதும். அங்கேயும் அது ஆற்றும் வேலையில் பாதி நேரடிக் கொலை அல்ல. பூண்டு தின்ற மீன்களின் இரத்தத்தை ஆராய்ந்தவர்கள், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் சுறுசுறுப்பும் லைசோசைம் என்ற பாதுகாப்பு நொதியின் அளவும் கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மீன் தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தயாராகிறது. தயாராவதற்கு நாள் பிடிக்கும். நோய் வந்த அன்று தொடங்கினால் அந்த நாட்கள் கிடைக்காது.

இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. புவனேஸ்வரத்தை அடுத்த கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரோகு விரலிகளுக்குப் பூண்டு கலந்த தீவனம் கொடுத்து, பிறகு ஏரோமோனாஸை வலிந்து செலுத்திப் பார்த்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். கிலோ தீவனத்துக்கு 1 முதல் 10 கிராம் வரை பூண்டு சேர்த்தார்கள். பூண்டு தின்ற கூட்டத்தில் பிழைத்தவை அதிகம். ஸ்காட்லாந்தில் நியாவும் பிரையன் ஆஸ்டினும் வானவில் டிரவுட் மீன்களில் செய்த ஆய்வு 2009ல் வந்தது. 100 கிராம் தீவனத்துக்கு அரை கிராமும் ஒரு கிராமும் பூண்டு கலந்து 14 நாள் கொடுத்த பிறகு ஏரோமோனாஸைச் செலுத்தினார்கள். பூண்டு தின்ற கூட்டத்தில் 4 சதவீதம் இறந்தன. தின்னாத கூட்டத்தில் 88 சதவீதம். இரண்டு ஆய்வுகளிலும் கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் பூண்டு, பிறகுதான் கிருமி. இரண்டுமே தொட்டியில், நல்ல தண்ணீரில், எண்ணி விட்ட மீன்களில் நடந்தவை. சேறும் வெயிலும் மழைத் தண்ணீரும் கலந்த உங்கள் குட்டையில் அதே 4 சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அரைப்பதும் கலப்பதும்

பூண்டில் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. நல்ல பூண்டை வாங்கி, சரியான அளவில் போட்டு, கொதிக்கிற கஞ்சியில் கலந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பெரிய பல் பூண்டு வேண்டியதில்லை. மண்டியில் உதிர்ந்து கிடக்கும் பொடிப்பல் மலிவாகக் கிடைக்கும், அது போதும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு பல்லைக் கல்லில் வைத்துத் தட்டுங்கள். சுருக்கென்று நெடி ஏறினால் வாங்கலாம். உள்ளே பழுப்பேறியதும் பூஞ்சை பிடித்ததும் வேண்டாம். பூஞ்சை பிடித்த பூண்டைத் தீவனத்தில் சேர்த்தால் புது வியாதியை நாமே கொண்டுவந்து சேர்த்ததாகிவிடும்.

அளவு, கிலோ தீவனத்துக்கு உரித்த பூண்டு 10 கிராம். 25 சென்ட் குட்டையில் 500 மீன், சராசரி எடை 200 கிராம் என்றால் மொத்த மீன் எடை 100 கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது நாளுக்கு 3 கிலோ தீவனம். அதற்கு 30 கிராம் பூண்டு, நடுத்தரப் பல்லாக எட்டு பத்து. பதினாலு நாளைக்கு அரைக் கிலோ கூட ஆகாது. இவ்வளவு மலிவாக இருப்பதால் இரண்டு மடங்கு போட்டால் என்ன என்று கை அரிக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும். காரம் கூடினால் மீன் தீவனத்தை ஒதுக்கும். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அளவுக்கு மிஞ்சினால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது நாய், பூனைகளில் நன்றாகத் தெரிந்த விஷயம். மீனில் அதைச் சோதித்துப் பார்க்க உங்கள் குட்டை சரியான இடமல்ல.

உரித்த பல்லை மிக்சியில் 50 மில்லி தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். அம்மியில் அரைத்தாலும் சரி. அரைத்த விழுதை மூடிவைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் அல்லிசின் முழுதாக உண்டாகிவிடும். முழுப் பல்லை முதலில் வேகவைத்தால் நொதி செத்துவிடும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் அல்லிசின் வராது. வாணலியில் வறுத்த பூண்டும், ரசத்தில் மிஞ்சிய பூண்டும் இந்த வேலைக்கு உதவாது. கடையில் பாட்டிலில் வரும் இஞ்சி பூண்டு விழுதும் வேண்டாம். அதில் உப்பும் புளிப்பும் பதப்படுத்தியும் இருக்கும், பூண்டின் வீரியம் இருக்காது.

குச்சித் தீவனம் அல்லது மிதக்கும் தீவனம் போடுகிறவர்கள், கெட்டியான சோற்றுக் கஞ்சி 100 மில்லி எடுத்து நன்றாக ஆறவைத்துக்கொள்ளுங்கள். விரலை விட்டுப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது. அதில் பூண்டு விழுதைக் கலந்து, அகலமான பேசினில் பரப்பிய 3 கிலோ தீவனத்தின் மேல் தெளித்துக் கையால் புரட்டுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் ஈரப் பளபளப்பு ஏறவேண்டும். அமுக்கினால் நசுங்கும் அளவுக்கு ஊறக் கூடாது. நிழலில் சாக்கின்மேல் பரப்பி அரை மணி நேரம் உலர்த்துங்கள். கஞ்சி காய்ந்து மெல்லிய தோலாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டதும் சாறு கரைந்து போகாமல் தடுப்பது அந்தத் தோல்தான். கஞ்சிக்குப் பதில் எண்ணெய் பூசுவார்கள் சிலர். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வைத்தால் அல்லிசின் சீக்கிரமே வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது. கஞ்சியே நல்லது.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் போடுகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. புண்ணாக்கை வழக்கம்போல் இரவே ஊறவையுங்கள். பூண்டை அதோடு சேர்த்து ஊறப்போட வேண்டாம். காலையில் தவிடு சேர்த்துப் பிசையும்போது கடைசியாக விழுதைச் சேர்த்து உருண்டை பிடியுங்கள். பூண்டு கொடுக்கும் நாட்களில் துளையிட்ட சாக்கைக் கட்டித் தொங்கவிடும் முறையை நிறுத்திவையுங்கள். சாக்கில் தீவனம் மணிக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். மீன் கொத்தித் தின்பதற்குள் பூண்டு தண்ணீரோடு போய்விடும். தட்டில் வைத்து, நாள் தீவனத்தைக் காலை ஒரு பங்கு மாலை ஒரு பங்காகப் பிரித்துப் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மீதம் கிடந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். முதல் மூன்று நாள் பாதி அளவு பூண்டில் தொடங்கினால் மீன் நெடிக்குப் பழகிவிடும். மேலே சொன்னது ஒரு நாள் அளவு; அதைப் பாதியாகப் பிரித்து ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரையுங்கள். காலையில் அரைத்து மாலைக்கு வைக்காதீர்கள்.

வளர்க்கும் மீனைப் பொறுத்து ஒரு சிறு வித்தியாசம் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இரைப்பை கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. திலேப்பியா, விரால், கெளுத்தி ஆகியவற்றுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு. அந்த அமிலத்தில் பூண்டின் நொதி செயலிழந்துவிடும். காய்ந்த பூண்டுப் பொடியை அப்படியே தீவனத்தில் தூவிக் கொடுத்தால் கெண்டையின் குடலில் ஈரம் பட்டு அல்லிசின் உண்டாக வாய்ப்பிருக்கிறது. திலேப்பியாவில் அந்த வாய்ப்பு குறைவு. பொடி வாங்கினால் எந்த மீனுக்கானாலும் தண்ணீரில் குழைத்து, பத்து நிமிடம் வைத்து, நெடி ஏறிய பிறகே தீவனத்தில் கலந்துவிடுங்கள். பச்சைப் பூண்டில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான் என்பதால், பொடி கிலோ தீவனத்துக்கு 3 கிராம் போதும். பொடி மிதமான சூட்டில் உலர்த்தியதாக இருக்க வேண்டும். குழைத்த பிறகும் நெடி வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அல்லிசின் என்றே பெயர் போட்டு, 25 சதவீதம் என்று அச்சிட்டு விற்கும் தீவனப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது செயற்கையாகச் செய்த டைஅல்லைல் டைசல்ஃபைடும் ட்ரைசல்ஃபைடும். அவையும் பூண்டுக் குடும்பத்துச் சேர்மங்கள்தான், பாக்டீரியாவை எதிர்க்கும் திறனும் அவற்றுக்கு உண்டு. ஆனால் அல்லிசின் அல்ல, அளவும் வேறு. பையில் என்ன பொருள் இருக்கிறது, எத்தனை கிலோ தீவனத்துக்கு எவ்வளவு என்பது எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள்.

எந்த நாட்களில்

ஆண்டு முழுவதும் பூண்டு கொடுக்க வேண்டியதில்லை. மீன் தளரப்போகும் நாட்கள் நமக்கு முன்கூட்டியே தெரியும். குஞ்சு இருப்பு விட்ட மூன்றாம் நாளில் அவை தின்னத் தொடங்கியதும் ஒரு சுற்று, 14 நாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வயல்களின் கழிவுநீர் குட்டைக்குள் வருவதற்கு முன், புரட்டாசிக் கடைசியில் ஒரு சுற்று. மார்கழிக் குளிருக்கு முன் கார்த்திகையில் ஒரு சுற்று. சித்திரை, வைகாசியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும் குட்டைகளுக்குப் பங்குனியில் ஒன்று. எடை பார்க்கவோ பெரிய மீன்களைப் பிரிக்கவோ இழுவலை போடப்போகிறீர்கள் என்றால், வலை போடும் நாளுக்கு இரண்டு வாரம் முன் தொடங்குங்கள். வலையில் உரசும் ஒவ்வொரு மீனுக்கும் செதில் உதிரும். கிருமிக்கு அதுதான் வாசல்.

பூண்டு கொடுப்பதால் தண்ணீரைக் கவனிக்காமல் விடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலை உயிர்வாயு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போகும் குட்டையில் எந்த மூலிகையும் எடுபடாது.

நோய் வந்தபின்

சாவு தொடங்கிவிட்டால் வரிசையாகச் செய்ய வேண்டியவை வேறு. தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். செத்ததை உடனே அள்ளிப் புதையுங்கள்; மிதக்கும் ஒவ்வொரு மீனும் கோடிக்கணக்கில் கிருமியைத் தண்ணீரில் விடுகிறது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பி.எச். பார்த்து, 7.5க்குக் கீழே இருந்தால் 25 சென்டுக்கு 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியுங்கள்.

பிறகு, சாகும் தறுவாயில் உள்ள உயிர் மீன்கள் இரண்டு மூன்றைத் தண்ணீரும் உயிர்வாயுவும் அடைத்த பாலித்தீன் பையில் ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம் வழிகாட்டும் இடங்களிலும் பார்ப்பார்கள். செத்த மீனை எடுத்துப் போகாதீர்கள். செத்த சில மணி நேரத்தில் குடலிலிருந்து எல்லாப் பாக்டீரியாவும் உடம்பெங்கும் பரவிவிடும். எது கொன்றது, எது பிறகு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்துக்கடையில் மனிதருக்கான ஆம்பிசிலின் காப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துத் தீவனத்தில் கலக்கும் பழக்கத்தை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா பிறவியிலேயே ஆம்பிசிலினுக்கு அடங்காத கிருமி. அந்த மருந்தை உடைக்கும் நொதியைத் தானே சுரக்கிறது. காசும் போய், குட்டையின் மற்ற பாக்டீரியாக்களும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகைகளும் மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஆய்வகம் கிருமியைக் கண்டு, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்து, மீன்நல வல்லுநர் எழுதிக் கொடுத்தால் அன்றி ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதீர்கள்.

இந்தக் கட்டத்திலும் இன்னும் தின்னும் மீன்கள் குட்டையில் இருக்கும். அவற்றுக்குப் பூண்டுத் தீவனம் கொடுக்கலாம், தீங்கில்லை. நோய் கண்டவை அதனால் எழுந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வேறு மூலிகைகள்

ஓமத்தின் தைமால் பாக்டீரியாவின் உறையையே ஓட்டையாக்கும் வீரியமுள்ளது. தீவனத்தில் சேர்க்க நம்பிக்கை தரும் பொருள். மஞ்சளின் குர்குமின் தட்டில் நன்றாக வேலை செய்தாலும் குடலிலிருந்து உடம்புக்குள் மிகக் கொஞ்சமே சேர்கிறது. கிராம்பு எண்ணெயில் கவனம் தேவை. அதன் யூஜினால் பாக்டீரியாவையும் கொல்லும், மீனையும் மயக்கும். மீனை மயக்கிக் கையாளவே ஆய்வகங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் சில சொட்டுகள் கூடினாலும் மீன் புரண்டுவிடும். வேப்பெண்ணெயைக் குட்டையில் ஊற்றவே வேண்டாம். மீனுக்கும் அது தின்னும் நுண்ணுயிர்களுக்கும் கேடு.

உங்கள் குட்டையில் நீங்களே பார்க்க

இரண்டு ஹாப்பா வலைக்கூடுகள், ஒரே அளவில், இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர். ஒரே குட்டையில், ஒரே ஆழத்தில் கட்டுங்கள். ஒரே வண்டியில் வந்த குஞ்சுகளில் ஒவ்வொன்றிலும் 50 விடுங்கள். எந்தக் கூட்டுக்குப் பூண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நாமே தேர்ந்தெடுத்தால் நல்ல மூலையில் உள்ளதற்கே பூண்டு போட்டுவிடுவோம். பூண்டில்லாத கூட்டின் தீவனத்துக்கும் கஞ்சி பூசுங்கள், அப்போதுதான் வித்தியாசம் பூண்டால் மட்டும் வரும். பதினாலு நாள் கொடுத்து, அதற்குப் பிறகு மேலும் இரண்டு வாரம் சாவையும் தட்டில் மிஞ்சிய தீவனத்தையும் நாள்வாரியாக எழுதுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எடை பாருங்கள். ஒன்றில் 4 செத்து மற்றதில் 7 செத்தால் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 50 மீனில் அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வரும். அடுத்த இருப்பின்போது கூடுகளை இடம் மாற்றி மறுபடி செய்யுங்கள். இரண்டு மூன்று முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் உங்கள் தண்ணீருக்குப் பூண்டு உதவுகிறது.

விற்பனைக்குப் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே பூண்டை நிறுத்திவிடுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய தினம் ஒரு மீனை எடுத்து, மசாலா எதுவும் சேர்க்காமல் வெறும் உப்பில் ஆவியில் வேகவைத்துத் தின்று பாருங்கள். பூண்டு நெடி தெரிந்தால் அறுவடையை இன்னும் மூன்று நாள் தள்ளிப்போடுங்கள்.